அட்டையும் சரி, பெட்டியும் சரி

நம்பிக்கையே நாகரிகத்தின் அடித்தளம் என்று அடையாள ஆணையத்தின் வாசலில் கருங்கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லுக்கு நேர் கீழே போட்டிருக்கும் நாற்காலிகளை யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று ஒன்றோடொன்று சங்கிலியால் பிணைத்துச் சுவரில் பூட்டியிருக்கிறார்கள்.

அந்த நாற்காலிகளில் ஒன்றில் சோபாக்காரர் உட்கார்ந்திருந்தார். பழைய சோபாக்களுக்கும் வண்டி இருக்கைகளுக்கும் புதுத் துணி தைத்துப் போடுவது அவர் தொழில். எங்கே உட்கார்ந்தாலும் முதலில் அடியில் கையை விட்டுப் பார்த்துவிடுவார். இங்கே ஸ்பாஞ்சு இருக்கவேண்டிய இடத்தில் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். மேலே நல்ல ரெக்சின்.

அவர் அங்கே வந்த காரணம் ஒரு கதவு.

கதவுக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி படுத்திருந்தாள். மூளையில் ஒரு ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டதில் வலது கையும் பேச்சும் போய்விட்டன. கை திரும்பவில்லை. பேச்சு பாதி திரும்பியது. அவளாக ஒரு வார்த்தை ஆரம்பிக்க மாட்டாள். கேட்டால் பதில் வரும். அதுவும் கேட்கிற விதமாகக் கேட்டால்தான். டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "தினம் வந்து பேசுங்க. கேள்வி கேளுங்க. வீட்ல என்ன கேப்பீங்களோ அதையே கேளுங்க. நடமாட்டம் இல்லாத பாதையில புல்லு மொளைச்சுடும் பாருங்க, அந்த மாதிரி."

வீட்டில் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். பட்டறையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தைப்பார்கள். நாளுக்குப் பத்துத் தடவையாவது அவர் தலையைத் தூக்கி, "ஊசிய எங்க வச்சே?" என்பார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உங்க வாயில பாருங்க" என்பாள். வாயில்தான் இருக்கும். உதட்டில் ஊசியைக் கவ்விக்கொண்டே ஊசியைத் தேடுகிற மனிதர் அவர்.

வார்டில் அவர் அதையே கேட்டார். முதல் நாள் அவள் வெறுமனே பார்த்தாள். மறுநாள் உதடு அசைந்தது. ஒரு வாரம் போல ஆனபிறகு, குழறலாக, ஆனால் முழுசாகச் சொன்னாள்: "உங்க வாயில பாருங்க." பக்கத்துக் கட்டில்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சோபாக்காரர் தன் வாயைத் தொட்டுப் பார்த்தார். பழக்கதோஷம்.

அந்த வாரம்தான் வார்டுக்குப் புதுக் கதவு வைத்தார்கள்.

திட்டத்தின் பெயர் 'பாதுகாப்பான அரவணைப்பு'. ஒரு நோயாளிக்கு ஓர் உறவினர், ஓர் உறவினருக்கு ஓர் அட்டை. அட்டையில் தங்க நிறத்தில் ஒரு சின்னச் சில்லு. கதவோரம் சுவரில் ஒரு பெட்டி. பெட்டிக்கு ஒரு வாய், ஒரு குட்டித் திரை. அட்டையை வாயில் சொருகினால் பெட்டி ஆளைத் தெரிந்துகொண்டு கதவைத் திறக்கும்.

சோபாக்காரர் சொருகினார். திரையில் 'சரி' என்று வந்தது. கதவு நின்ற இடத்திலேயே நின்றது.

"சரின்னு வந்துடுச்சே மாமா, தள்ளிப் பாருங்க" என்றான் கூட வந்த மைத்துனன். அவன் வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி விற்பவன். மூடிய கதவுகளில் அனுபவம் உள்ளவன்.

தள்ளினார்.

"இழுத்துப் பாருங்க."

இழுத்தார்.

"ரெண்டும் இல்லேன்னா பக்கவாட்டுல நகருமோ என்னவோ. இப்பல்லாம் அப்படியும் வருது."

இரண்டாம் முறையும் சொருகினார். சரி. மூன்றாம் முறையும் சரி. நான்காம் முறை பெட்டி எதுவுமே சொல்லவில்லை. சண்டை போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்ட ஆளைப் போல அட்டை அமைதியாகிவிட்டது.

தலைமை நர்ஸ் தன்னுடைய பழைய ஊழியர் அட்டையைக் காட்டி வெளியே வந்தாள். "பூட்டிக்கிச்சா? மூணு தடவைக்கு மேல போடக் கூடாதுங்க. அதுக்கு மேல அதுவே தன்னைப் பூட்டிக்கும். வேற கார்டுதான் வாங்கணும்."

"சரின்னுதானேம்மா வந்துச்சு?"

"வரும். எல்லாருக்கும் அப்படித்தான் வருது."

"யாருக்காவது கதவு திறந்துச்சா?"

"அது எங்க டிபார்ட்மென்ட் இல்லைங்க."

"உங்க கார்டுல என்னையும் உள்ள விட்டுடுங்களேன். ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு ஓடி வந்துடறேன்."

நர்ஸ் மேலே கையைக் காட்டினாள். கதவுக்கு மேலே ஒரு கேமரா. "ஒரு தடவை திறந்தா ஒரு தலைதான் போகணும். அது எண்ணிக்கிட்டே இருக்கு. ரெண்டு தலை தெரிஞ்சா என் தலை போயிடும்."

"அப்போ நீங்களாவது கேட்டுடுங்க. 'ஊசிய எங்க வச்சே'ன்னு கேக்கணும். அவ்வளவுதான்."

நர்ஸ் முகம் மாறியது. "ஊசியா? வேண்டவே வேண்டாங்க. வார்டுல ஊசியக் காணோம்னு யார் காதுலயாவது விழுந்தா, விசாரணை வந்துடும்."

கதவுக்குச் சற்றுத் தள்ளி, சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு தகரக் கதவு இருந்தது. துணி வண்டி ஒன்று அதைத் தலையால் முட்டித் திறந்துகொண்டு வெளியே வந்தது. பெட்டி இல்லை, கேமரா இல்லை.

"அந்த வழியா போகலாமா?"

"சேச்சே" என்றாள் நர்ஸ், உண்மையாகவே வருத்தப்பட்டு. "அது அழுக்குத் துணி போற வழிங்க. மனுஷனுக்குன்னு ஒரு மரியாதை வேண்டாமா?"

கதவில் ஒரு சிறு கண்ணாடிச் சதுரம் பதித்திருந்தார்கள். அதன் வழியாகக் கடைசிக் கட்டில் தெரிந்தது. அவள் கதவைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். அவர் கையை ஆட்டினார். கண்ணாடிக்குள் சத்தம் போகாது. யாராவது கேட்கட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

இப்படித்தான் சோபாக்காரர் அடையாள ஆணையத்துக்கு வந்து சேர்ந்தார்.

ஆணையத்தில் இரண்டு துறைகள். தெருவின் இந்தப் பக்கம் அட்டைத் துறை, அந்தப் பக்கம் பெட்டித் துறை. அட்டைத் துறையின் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த ஊழியர் அவரைப் பார்த்துச் சிரித்தார். சோபாக்காரர் சிரித்தார். ஊழியர் தொடர்ந்து சிரித்தார். நேரம் போயிற்று.

பின்னால் நின்றவர் தோளைத் தட்டினார். "கேளுங்க சார். கேட்டாத்தான் பேசுவாங்க. இங்க ரூல் அது."

"என் கார்டு வேலை செய்யலீங்க" என்றார் சோபாக்காரர்.

ஊழியர் பேசவில்லை.

"அது கேள்வி இல்லையே சார்" என்றார் பின்னால் நின்றவர்.

"என் கார்டு ஏன் வேலை செய்யல?"

"கார்டு வேலை செய்யுது" என்றார் ஊழியர் பளிச்சென்று.

"அப்போ கதவு ஏன் திறக்கல?"

"கதவு கார்டுக்குள்ள இல்லை."

"கார்டுக்குள்ள என்னதான் இருக்கு?"

ஊழியர் முகம் மலர்ந்தது. அவர் வாழ்நாளெல்லாம் காத்திருந்த கேள்வி அது போலிருந்தது. "கார்டுக்குள்ள ஒரு குட்டி கம்ப்யூட்டர் இருக்கு. அதுக்குள்ள ஒரு சாஃப்ட்வேர். அது ரொம்பக் கண்ணியமான சாஃப்ட்வேர். தானா வாயைத் திறக்காது. பெட்டி கேட்டா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும். ஒரு நம்பர். அவ்வளவுதான். அதைச் செய்யுறவங்களும் அப்படி இருக்கணும்னு எங்களுக்கும் பயிற்சி குடுத்திருக்காங்க. வீட்லகூட நான் இப்ப முதல்ல பேசறதில்லை."

"வீட்ல ஒண்ணும் சொல்றதில்லையா?"

"என்னை யாரும் கேக்கறதில்லை."

அவர் சோபாக்காரருக்கு ஒரு புது அட்டை எடுத்து, மேஜைமேல் இருந்த பெட்டியில் சொருகிக் காட்டினார். பெட்டிக்குப் பக்கத்தில் பொம்மை வீட்டுக் கதவு போல ஒன்று இருந்தது. அது டக்கென்று திறந்துகொண்டது.

"திறக்குதே!" என்றார் சோபாக்காரர். அவர் நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது. "இந்தப் பெட்டியை அங்க மாட்டிடலாமே?"

"இது வெறும் மாதிரிப் பெட்டி. பெட்டின்னா எப்படிக் கேக்கணும்னு நாங்க நினைக்கிறோமோ, அப்படிக் கேக்கற மாதிரி நாங்களே செஞ்சது. அங்க இருக்கறது பெட்டித் துறை செஞ்சது."

"அதுல உங்க கார்டைப் போட்டுப் பாத்தீங்களா?"

ஊழியருக்கு அந்தக் கேள்வி புரிய நேரமாயிற்று. "அது அவங்க பெட்டியாச்சே" என்றார்.

பெட்டித் துறைக் கட்டடத்தில் நான்கு தளங்கள். பெட்டிப் பக்கத்து மென்பொருளும் நான்கு அடுக்கு. கட்டடத்தை அதேபோலக் கட்டியிருக்கிறார்கள் என்று வாசலில் படம் போட்டு விளக்கியிருந்தது. கீழ்த்தளம் அட்டையைத் தொட்டுப் பேசும். முதல் மாடி, அட்டை சொல்லும் எண்களை வார்த்தையாக மாற்றும். இரண்டாம் மாடி, வந்தது யார் என்று முடிவு செய்யும். மூன்றாம் மாடி கதவைத் திறக்கும். கேள்வி மேலிருந்து கீழே வரவேண்டும், பதில் கீழிருந்து மேலே போகவேண்டும். ஒரு மாடிக்காரர் அடுத்த மாடிக்காரரோடு மட்டும்தான் பேசலாம். தாண்டிப் பேசினால் குற்றம். அதனால் புகார் கொடுக்க வருகிறவர் முதலில் மொட்டை மாடிப் படி வரை ஏறி, அங்கிருந்து புகாராக இறங்கவேண்டும்.

சோபாக்காரர் ஏறினார்.

"கார்டா? அப்படின்னா?" என்றார் மூன்றாம் மாடி அதிகாரி.

சோபாக்காரர் எடுத்துக் காட்டினார். அதிகாரி கண்களை மூடிக்கொண்டார். "உள்ள வைங்க, உள்ள வைங்க. கார்டுன்னு ஒண்ணு இருக்கறதே எங்களுக்குத் தெரியக் கூடாது. அதுதான் எங்க டிசைனோட அழகு. நாளைக்கே கார்டுக்குப் பதிலா ஒரு கத்திரிக்காயைக் கொண்டு வந்தாலும் எங்க அடுக்குல ஒரு வரி மாத்த வேண்டாம்."

"கத்திரிக்காய்க்காவது கதவு திறக்குமா சார்?"

"கீழேர்ந்து 'இன்னார் வந்திருக்காங்க'ன்னு வந்தா திறப்போம்."

"வந்திருக்கா?"

"இதுவரைக்கும் யாரும் வரல. ஆனா நாங்க தயாரா இருக்கோம்."

இரண்டாம் மாடியில், மேலிருந்து கேள்வி வந்தால் கீழே அனுப்புகிறோம், கீழிருந்து 'சரி' வருகிறது, சரி என்பது யாருடைய பெயரும் இல்லையே, அதனால் சும்மா இருக்கிறோம் என்றார்கள்.

முதல் மாடியில் ஓர் இளம்பெண். எண்களை வார்த்தையாக்குகிறவள். "கார்டு ஒரு நம்பர் சொல்லுது சார். அது எங்க பட்டியல்ல இல்லை. தெரியாத நம்பர் வந்தா என்ன போடறதுன்னு மேல கேட்டோம். 'மக்கள் மனசு நோகக் கூடாது'ன்னு பதில் வந்துச்சு. அதான் தெரியாதது எல்லாத்துக்கும் சரின்னு போட்டுட்டோம்."

"தெரியாதது எத்தனைம்மா?"

"சரியைத் தவிர எல்லாமே சார்."

கீழ்த்தளத்தில் ஒரு பொறியாளர் தனியாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அட்டை உண்மையில் என்ன சொல்கிறது என்று சோபாக்காரர் கேட்டதும் டம்ளரை வைத்துவிட்டார். அதை யாரும் இதுவரை கேட்கவில்லை.

"கார்டு என்ன சொல்லுதா? 'நீ யாருன்னு முதல்ல காட்டு, அப்புறம் நான் காட்டறேன்'னு சொல்லுது. திருட்டுப் பெட்டியா இருந்துட்டா?"

"பெட்டி என்ன கேக்குது?"

"'நீ யாருன்னு முதல்ல காட்டு'ன்னுதான். திருட்டுக் கார்டா இருந்துட்டா?"

"ரெண்டுல யார் மேல தப்பு?"

"தப்பே இல்லை சார். 'அட்டையும் பெட்டியும் ஒன்றையொன்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்'னு விதியில இருக்கு. யார் முதல்லன்னு இல்லை. அவங்க மாதிரிப் பெட்டி முதல்ல காட்டும். நாங்க செஞ்ச மாதிரிக் கார்டு முதல்ல காட்டும். ரெண்டு பக்கமும் நூத்துக்கு நூறு. சான்றிதழ் வாங்கியாச்சு. கார்டும் சரி, பெட்டியும் சரி. ஒண்ணுக்குள்ள ஒண்ணைப் போடறப்பதான்..."

"யாராவது ஒருத்தர் விட்டுக்குடுத்தா முடிஞ்சிடுமே?"

"ஒரு வரி மாத்தினாலும் சான்றிதழ் போயிடும். சான்றிதழ் இல்லாத பெட்டியை ஆஸ்பத்திரியில மாட்டக் கூடாது. சான்றிதழ் இருக்கறது திறக்காது. நீங்க டீ சாப்பிடறீங்களா?"

விஷயம் இயக்குநர் வரை போயிற்று. பெட்டித் துறை இயக்குநர் பெரிய உடம்பு, பெரிய மேஜை. சோபா மட்டும் உள்ளே ஸ்பிரிங் உடைந்தது. சோபாக்காரர் உட்கார்ந்ததுமே கண்டுகொண்டார், சொல்லவில்லை.

"நீங்க கவலைப்படாதீங்க" என்றார் இயக்குநர். "உலகத்திலேயே உடைக்க முடியாத கதவு நம்மளோடது. மாட்டின நாள்லேர்ந்து ஒரு அந்நியன் உள்ள போகல."

"யாருமே போகல சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"என் வீட்டுக்காரிகிட்ட தினம் பேசணும் சார். டாக்டர் சொல்லியிருக்காரு. பேசலேன்னா..."

"உங்க வீட்டுக்காரம்மாவோட பாதுகாப்புக்குத்தான் இதெல்லாம். நீங்க உண்மையான புருஷன்தான்னு நாளைக்கு ஒரு சந்தேகம் வந்தா? எங்க பெட்டி எல்லாரையும் சமமா சந்தேகப்படும். ஏழை பணக்காரன் பாக்காது. என்னையே விடாது, தெரியுமா?"

இரு துறைகளும் கலந்து பேச ஒரு கூட்டம் ஏற்பாடாயிற்று. யார் கட்டடத்துக்கு யார் முதலில் போவது என்பதில் இழுபறி. கடைசியில் தெருவின் நடுவில், இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். சுவர்ப் பூட்டைத் திறந்தும், நாற்காலிகளைப் பிணைத்த சங்கிலியைக் கழற்ற முடியாததால் அட்டைத் துறையினரின் நாற்காலிகள் வரிசையாக, ரயில் பெட்டி போல வந்தன. இரு பக்கமும் தத்தம் மென்பொருள் விவரத்தை ஒட்டிய உறையில் கொண்டு வந்திருந்தார்கள்.

"முதல்ல நீங்க பிரிங்க" என்றார் இயக்குநர்.

அட்டைத் துறையினர் பதில் சொல்லவில்லை. அது கேள்வி இல்லை.

"நீங்க முதல்ல பிரிக்கிறீங்களா?" என்று திருத்திக் கேட்டார்.

"இல்லை" என்றார்கள் அட்டைத் துறையினர் ஒரே குரலில்.

நடுவே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. இரு தரப்பும் உறைகளை மடியில் வைத்துக்கொண்டு, பிரச்சினையை அறிவியல்பூர்வமாக அலசினார்கள். அட்டையில் தவறில்லை. பெட்டியிலும் தவறில்லை. தோல்வி நடந்த ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் மூன்றாவதாக ஒன்று இருந்திருக்கிறது. அதற்கு மட்டும்தான் சான்றிதழ் கிடையாது. எல்லோரும் திரும்பிச் சோபாக்காரரின் கையைப் பார்த்தார்கள்.

"தைக்கற கை" என்றார் இயக்குநர், கனிவாக. "கொஞ்சம் நடுக்கம் இருக்கும்."

குதிரை கீழே தள்ளியது போதாமல் குழியும் பறித்தது. உறவினர்களுக்கான கைப்பயிற்சி முகாம் தொடங்கியது. மரத்தில் செய்த பெட்டி, மரத்தில் செய்த அட்டை. சொருகும் கோணம், சொருகும்போது முகத்தில் இருக்கவேண்டிய நிதானம், எடுத்தபின் நன்றியோடு பின்வாங்குவது எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். சோபாக்காரர் முதல் மாணவராகத் தேறினார், மற்ற யாரும் தேறவில்லை. பயிற்றுநர், இந்தக் கை இருபது வருஷம் முன்னாலேயே எங்களுக்குக் கிடைத்திருக்கக் கூடாதா என்று அங்கலாய்த்தார். கையில் சான்றிதழோடு போய்ச் சொருகினார். சரி, சரி, சரி. அப்புறம் மௌனம்.

"மாமா, நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றான் மைத்துனன். "இவனுங்க திருந்தறதுக்குள்ள அக்கா நம்மளை மறந்தே போயிடும். அந்தத் தகரக் கதவு இருக்கே..."

"மரியாதை இல்லைன்னாங்கடா."

"மரியாதையை நான் வெளிய நின்னு பாத்துக்கறேன். நீங்க வண்டியில ஏறுங்க."

சோபாக்காரர் துணி வண்டிக்குள் குனிந்து உட்கார்ந்தார். மேலே நாலு படுக்கை விரிப்பு. மைத்துனன் தள்ளினான். தகரக் கதவு முட்டித் திறந்தது. உள்ளே போய்விட்டார். விரிப்பின் இடுக்கில் கடைசிக் கட்டில் தெரிந்தது, கட்டிலின் கால் தெரிந்தது, அவள் பாதம்கூடத் தெரிந்தது. ஆனால் காலியாக உள்ளே வரவேண்டிய வண்டி கனமாக வருகிறதே என்று தலைமை நர்ஸுக்குச் சந்தேகம்.

"யாரு உள்ள?"

"புருஷன்" என்றது துணி.

"கார்டு?"

வண்டி வந்த வழியே திரும்பிப் போயிற்று. நர்ஸுக்கும் கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் தள்ளும்போது வேகம் குறையவில்லை. மறுநாள் தகரக் கதவுக்கு ஒரு பூட்டு வந்தது. சாவி சலவைக்காரரின் இடுப்பில். பாதுகாப்புக் குறைபாடு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு அடைக்கப்பட்டதாக ஆணையம் தனக்குத்தானே பாராட்டுத் தெரிவித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு கண்ணாடிச் சதுரம் மட்டும்தான். மாலையில் பட்டறையைச் சாத்திவிட்டு வந்து அதன் முன் நிற்பார். முதலில் அவள் கதவைப் பார்த்தபடி படுத்திருந்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள். வார்டுக்குள்ளும் திட்டம் நுழைந்திருந்தது. நர்ஸுகள் கையில் ஆளுக்கொரு சின்னப் பெட்டி. கட்டில் கட்டிலாகப் போய், பெட்டியில் வருகிற கேள்விகளை அப்படியே வாசித்துவிட்டுப் பதிலை அதில் தட்டினார்கள். அவள் உதடு அசைவதைச் சோபாக்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பேசுகிறாள்!

தலைமை நர்ஸ் வெளியே வந்தபோது ஓடிப்போய்க் கேட்டார். "பேசறாளாம்மா?"

"உங்க வீட்டம்மாவா? வார்டுலயே அவங்கதான் முதல். எது கேட்டாலும் சட்டுனு பதில். மத்தவங்கல்லாம் வலிக்குது, பசிக்குதுன்னு ஏதாவது நீட்டினா பெட்டி இன்னும் நாலு கேள்வி கேக்கும், எங்களுக்குக் கை ஒடிஞ்சிடும். இவங்க தங்கம்."

அன்று ராத்திரி சோபாக்காரர் மைத்துனனுக்கு முட்டை பொரித்துப் போட்டார். "பதில் சொல்றாளாம்டா. கேள்வி யாரு கேட்டா என்ன, பாதை அடையாம இருந்தா போதும்" என்றார். வெகுநாளைக்குப் பிறகு அவர் சிரித்ததை அவன் பார்த்தான்.

பிறகு ஒருநாள் ஆணையத்திலிருந்து வண்டி வந்து பட்டறை வாசலில் நின்றது. திட்டத்தின் முறையான தொடக்க விழா. இத்தனை நாள் நடந்தது வெள்ளோட்டம். விழாவில் கதவு திறக்கும். திறந்ததும் உண்மையான உறவினர் ஒருவர் உள்ளே போகவேண்டும், படம் எடுக்கவேண்டும். சான்றிதழ் பெற்ற கை அவர் ஒருவரிடம்தான் இருந்தது.

"நிஜமாவே திறக்குமா?" என்று வண்டியில் வந்திருந்த கீழ்த்தளப் பொறியாளரிடம் ரகசியமாகக் கேட்டார்.

"இன்னிக்குத் திறக்கும். ஸ்பெஷல் கார்டு ஒண்ணு செஞ்சிருக்கோம். அது யாரையும் எதிர்க் கேள்வி கேக்காது. பெட்டி என்ன கேட்டாலும் சரின்னு சொல்லும். கீழேர்ந்து மேல வரைக்கும் அந்தச் சரியையே ஒரு ஆளுன்னு நினைச்சுக்கச் சொல்லி, ஒரு நாளைக்கு மட்டும் அனுமதி வாங்கியிருக்கோம்."

சோபாக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். காலரின் உட்பக்கம் வளைந்த ஊசி ஒன்றைக் குத்திவைத்துக்கொண்டார்.

கதவின் முன் இயக்குநர் பேசினார். "கேட்டால்தான் பதில் சொல்லவேண்டும், கேட்டதற்கு மட்டும் சொல்லவேண்டும், சொன்னது சரி என்று இருக்கவேண்டும். இந்த மூன்று பண்பும் ஓர் அட்டைக்கு இருக்கிறது. மனிதனுக்கு இருக்கிறதா? இல்லை! அதனால்தான் கதவு மனிதனை நம்பக் கூடாது என்கிறோம். இன்று காலை முதல் ஊழியர்களின் பழைய அட்டைகளும் செல்லாது. இனி உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒரே நெறியில்!" கைதட்டல். தலைமை நர்ஸ் தன் பழைய அட்டையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டுப் படம் எடுத்துக்கொண்டாள்.

சோபாக்காரர் ஸ்பெஷல் அட்டையைச் சொருகினார். சரி என்று வந்தது. கதவு திறந்தது. தலை எண்ணும் கேமராவை அன்று மாலை போட்டு மூடியிருந்தார்கள். அவரும், இயக்குநரும், தலைமை நர்ஸும், இரு துறையினரும், படமெடுப்பவரும் உள்ளே போனார்கள். கதவு பின்னால் மெதுவாகச் சாத்திக்கொண்டது.

அவள் மெலிந்திருந்தாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அவர் கட்டிலோரம் உட்கார்ந்தார். காலரிலிருந்து ஊசியை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஊசிய எங்க வச்சே?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஊசியைப் பார்த்தாள்.

"சரி" என்றாள்.

அவர் கொஞ்சம் கிட்டே நகர்ந்தார். "ஊசிம்மா. ஊசி. எங்க வச்சே?"

"சரி."

"நான் யாரு? சொல்லு பாப்போம்."

"சரி."

"வீட்டுக்குப் போலாமா?"

"சரி" என்றாள் அவள், அதே குரலில், அதே வேகத்தில். சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தாள். அடுத்த கேள்விக்குக் காத்திருந்தாள்.

"பாத்தீங்களா?" என்றார் இயக்குநர், பின்னால் திரும்பி. அவர் கண்ணில் நீர். "ஒரு செகண்டுகூட ஆகல. ஒரு தப்புப் பதில் இல்லை."

கை தட்டினார்கள். சோபாக்காரர் வாயிலிருந்த ஊசியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். வைக்க வேறு இடம் தெரியவில்லை.

விழாக்குழு புறப்பட்டது. வெளியே போவதற்கும் உள்பக்கச் சுவரில் ஒரு பெட்டி உண்டு. ஆனால் ஒரு நாள் அனுமதி வெளிப்பக்கப் பெட்டிக்கு மட்டும்தான் வாங்கப்பட்டிருந்தது. இயக்குநர் ஸ்பெஷல் அட்டையைத் தானே சொருகினார். திரையில் சரி என்று வந்தது. கதவு நின்றது. மறுபடி சொருகினார். சரி. பொறியாளர் வேண்டாம் என்று சொல்வதற்குள் மூன்றாம் முறையும் சொருகிவிட்டார். வெளியே போட்டதோடு சேர்த்து நான்கு; அட்டை பூட்டிக்கொண்டது.

"உங்க கார்டைக் காட்டும்மா" என்றார் தலைமை நர்ஸிடம்.

"குப்பைக்கூடையில போட்டுட்டேன் சார். நீங்கதான் கை தட்டினீங்க."

அட்டைத் துறையினர் எதுவும் சொல்லவில்லை. அவர்களை யாரும் கேட்கவில்லை. மதியச் சாப்பாடு நேரம் தாண்டியது. கண்ணாடிச் சதுரத்தில் மைத்துனனின் முகம் தெரிந்தது. அவன் உதடு அசைந்ததைப் பார்த்தால், தள்ளிப் பாருங்க, இழுத்துப் பாருங்க என்று சொல்வது போலிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவனே போய்ச் சலவைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தான். தகரக் கதவின் பூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது.

ஒவ்வொருவராகக் குனிந்து போனார்கள். சோபாக்காரர் போகவில்லை, பார்வை நேரம் இன்னும் முடியவில்லை என்றார். அவர் கேட்டுக்கொண்டிருந்தார், அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இயக்குநரால் அவ்வளவு தூரம் குனிய முடியவில்லை. அழுக்குத் துணி வண்டியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள்.